ராடு தட்டிய 307, ஜங்க்யார்டு 5.3: ஒரு 1972 நோவாவுக்கு 5,000 டாலருக்குள் என்ஜின் மாற்றம்

வண்டி 1972 ஷெவ்ரலே நோவா, இரண்டு கதவு. உள்ளே 307 கன அங்குல வி8, பின்னால் டி.எச்.350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சூடேறியதும் ஐடிலில் ஆயில் பிரஷர் விழுகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்கிறது, வேகம் கூடக்கூடத் தாளமும் கூடுகிறது. வடித்த ஆயிலில் செம்பு நிறத் துகள் மின்னுகிறது. கிராங்க் ராடு பேரிங் தேய்ந்துவிட்டது, இனி அந்த என்ஜினை ஓட்டக்கூடாது. கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது, பாடியில் பெரிய துரு இல்லை. செலவுக்கு இருப்பது 5,000 டாலர், ஒரு கராஜ், வாடகைக்கு எடுக்கக்கூடிய என்ஜின் ஹாயிஸ்ட்.

இந்த வேலையில் என்ஜின்தான் மலிவான பொருள். பணத்தைத் தின்பவை அதைச் சுற்றியிருக்கும் ஆயில் பான், பெட்ரோல் லைன், எக்ஸாஸ்ட், வயரிங் ஆகியவை. 700 டாலருக்கு என்ஜின் கிடைத்த மகிழ்ச்சியில் இறங்கி, மூன்றாம் மாதம் பாதியில் நிற்கும் வண்டிகள் எல்லாம் இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கியவை.

எந்த என்ஜின்

முதலில் 307-ஐயே திரும்பக் கட்டுவதைப் பார்ப்போம். போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை எல்லாவற்றுக்கும் மெஷின் ஷாப்பில் 350-க்கு ஆகும் அதே கூலிதான் 307-க்கும் ஆகும். வேலை முடிந்தபின் கையில் இருப்பதோ 307தான். என்ஜின் எண்ணும் வண்டி எண்ணும் அசலாகப் பொருந்தும் அரிய வண்டியாக இருந்தால் ஒழிய இந்தச் செலவுக்கு நியாயம் இல்லை.

இரண்டாவது வழி 1996 முதல் 2000 வரை ஷெவ்ரலே டிரக்குகளில் வந்த வோர்டெக் 350, அதாவது எல்31. உள்ளதைச் சொன்னால் மிகக் குறைந்த செலவில் முடியும் வழி இதுதான். என்ஜின் மவுன்ட் அதேதான், கியர்பாக்ஸ் போல்ட்டும் அதேதான். கவனிக்க வேண்டியவை மூன்று. 1986-க்குப் பிந்தைய பிளாக்குகளில் பின் ஆயில் சீல் ஒரே துண்டு, அதனால் அதற்கேற்ற எதிரெடை உள்ள ஃபிளெக்ஸ்பிளேட் (கிராங்கைக் கியர்பாக்ஸ் பக்கத்தோடு இணைக்கும் வட்டத் தட்டு) வேண்டும். வோர்டெக் ஹெட்டுக்கு எட்டு போல்ட் இன்டேக் மட்டுமே பொருந்தும், பழைய இன்டேக் உட்காராது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் வைக்க பிளாக்கில் இடம் அறுக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எலக்ட்ரிக் பம்ப்புக்குப் போக வேண்டும். கார்புரேட்டர் போதும், இரண்டு வார இறுதிகளில் வண்டி ஓட வேண்டும் என்பவர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது 5.3 லிட்டர் எல்.எம்.7. 1999 முதல் 2007 வரை சில்வராடோ, சியெரா, டாஹோ, சபர்பன் என்று டிரக் டிரக்காக வந்ததால் எந்த ஜங்க்யார்டிலும் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம்) கிடைக்கும். இரும்பு பிளாக், அலுமினியம் ஹெட், 3.78 அங்குல போர், 3.622 அங்குல ஸ்ட்ரோக். ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். 1972-ல் ஷெவ்ரலே பதிப்பித்த நிகர கணக்கில் 307-க்கு 130தான். எடை பழைய வி8-க்கு ஏறத்தாழ சமம் என்பதால் முன் ஸ்பிரிங்கை மாற்றத் தேவையில்லை. குளிர்காலக் காலையிலும் முதல் சாவியில் ஸ்டார்ட் ஆகும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் என்பதுதான் 5.3-ஐத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம், குதிரைத்திறன் அதற்கு அடுத்தது. இந்த ஆய்வு அதையே எடுத்துக்கொள்கிறது.

பணத்தைப் பிரித்துப் போடுவது

கீழே உள்ளவை திட்டத் தொகைகள். ஊருக்கு ஊர் மாறும், விகிதம் அதிகம் மாறாது. ஹார்னஸ் (என்ஜினின் வயர் கட்டு), கம்ப்யூட்டர், த்ராட்டில் பாடி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்டர் சேர்த்து முழு என்ஜினுக்கு 900. ஸ்வாப்புக்கான, அதாவது என்ஜின் மாற்றத்துக்கான, ஆயில் பானுக்கு 400. மவுன்ட் தட்டுகளுக்கு 100. பெட்ரோல் பம்ப், ஃபில்டர், லைனுக்கு 500. எக்ஸாஸ்ட்டுக்கு 700. வயரிங், கம்ப்யூட்டர் டியூனுக்கு 350. ரேடியேட்டர், மின்விசிறிக்கு 450. ஃபிளெக்ஸ்பிளேட், ஸ்பேஸருக்கு 150. கேஸ்கட், சென்சார், பிளக், ஆயில், கூலன்ட், ஹோஸ் வகையறாவுக்கு 500. கூட்டினால் 4,050. மீதி 950-ஐத் தொடவே கூடாது. உடைந்த போல்ட், சிறிதான ஹோஸ், தவறாக வாங்கிய ஃபிட்டிங் எல்லாம் அந்தப் பணத்தில்தான் தீரும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? எக்ஸாஸ்டில் நீளமான ஹெடர் வேண்டாம், 2000 முதல் 2002 வரையான கமாரோவின் இரும்பு மேனிஃபோல்டு போதும். ஹார்னஸைப் புதிதாக வாங்காமல் டிரக் ஹார்னஸையே பிரித்துக் குறைக்கலாம். கேம் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் ஹோஸிலும் ஆயில் பானிலும் மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது. முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது என்ஜினைக் கொல்லும்.

யார்டில் பார்க்க வேண்டியது

வி.ஐ.என். எனப்படும் வண்டி அடையாள எண்ணில் எட்டாவது எழுத்தைப் பார்க்க வேண்டும். டாஹோவின் முதல் ஆங்கில எழுத்து அங்கே இருந்தால் அது எல்.எம்.7. 2007-ஐ ஒட்டி வந்த அடுத்த தலைமுறை 5.3-களில் பலவற்றில் நான்கு சிலிண்டர்களை அணைக்கும் லிஃப்டர்கள் உண்டு. அவை பழுதாகும் வகை, இந்த பட்ஜெட்டுக்கு ஆகாது. கிராங்கில் உள்ள பல்சக்கரமும் வேறு: எல்.எம்.7 சேர்ந்த மூன்றாம் தலைமுறையில் 24 பல், அடுத்த நான்காம் தலைமுறையில் 58 பல். கம்ப்யூட்டர் ஒன்றும் என்ஜின் இன்னொன்றுமாக வாங்கினால் ஸ்டார்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், பொறி வராது.

1999 முதல் 2002 வரையான வண்டிகளில் பெரும்பாலும் த்ராட்டிலுக்குக் கேபிள்தான். 2003-லிருந்து எலக்ட்ரானிக் த்ராட்டில் பரவலாகிறது. அதற்கு பெடலையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அதே வண்டியிலிருந்து எடுத்து, நோவாவின் ஃபயர்வாலில் பெடலுக்கு இடம் பண்ண வேண்டும். கேபிள் உள்ளதைத் தேடுவது நல்லது.

பிறகு கைச்சோதனை. கிராங்க் போல்ட்டில் 24 மி.மீ. சாக்கெட் போட்டு இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும், எங்கும் முட்டக்கூடாது. ஆயில் மூடியைத் திறந்து பால் போன்ற கசடு இருக்கிறதா பார்க்க வேண்டும். 706 என்ற வார்ப்பு எண் உள்ள ஹெட்டுகளில் காஸ்டெக் நிறுவனம் வார்த்தவை சில, ராக்கர் பகுதியின் ஆயில் துளைகளை ஒட்டி மயிரிழையாக விரிசல் விட்டு, கூலன்ட்டை வெளியே காட்டாமல் ஆயிலுக்குள் விடும். காஸ்டெக் முத்திரை இருந்தால் வால்வ் கவரைக் கழற்றி, நடுவில் துடைத்ததுபோல் சுத்தமாகவோ பால் நிறமாகவோ இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். ஆயில் படிந்து பழுப்பேறிய ஹெட்டின் நடுவில் ஒரு திட்டு மட்டும் பளபளத்தால் அங்கே கூலன்ட் கழுவியிருக்கிறது.

கம்ப்ரஷன் சோதனைக்கு யார்டு விட்டால், மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, எதுவும் 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருக்கக்கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த என்ஜினில் பின்சிலிண்டர் போல்ட் தலை உடைந்து போவது வழக்கம். உடைந்த 8 மி.மீ. போல்ட்டை, என்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போது ஒரு நட்டை வெல்ட் வைத்து எடுக்க அரை மணி நேரம். வண்டிக்குள் போனபின் அதே வேலைக்கு ஒரு நாள் போகும்.

ஸ்டாண்டில் முடிக்க வேண்டியவை

பழைய 307-ஐத் தூக்குவதற்கு முன் ஃபயர்வாலிலிருந்து பெல்ஹவுசிங் வரை எவ்வளவு, கிராங்க் மையம் கிராஸ்மெம்பருக்கு மேல் எவ்வளவு உயரம், கியர்பாக்ஸ் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்து எழுதி வைக்க வேண்டும். புதியதை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்விக்கு இந்த மூன்று எண்களே பதில்.

டிரக் ஆயில் பான் ஆழமானது. நோவாவின் முன் சப்ஃபிரேமில் அது கிராஸ்மெம்பரை முட்டும், இல்லாவிட்டால் தரைக்கு மிக அருகே தொங்கும். 1998–2002 கமாரோ பானோ, ஸ்வாப்புக்கென்றே விற்கும் பானோ வேண்டும். இந்த வண்டியில் ஸ்டீயரிங் சென்டர் லிங்க் கிராஸ்மெம்பருக்குப் பின்னால், பானுக்கு அடியில் ஓடுகிறது. அதனால் பானை மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி இடைவெளி பார்த்தே தீர வேண்டும்.

பான் மாறினால் ஆயில் உறிஞ்சும் குழாயும் மாறும். பம்ப்புக்குள் அந்தக் குழாய் நுழையும் இடத்தில் ஒரே ஒரு ஓ-ரிங். எல்.எம்.7 சேர்ந்த எல்.எஸ். வகை என்ஜின்களை அதிகம் கெடுத்தது இந்த ஒரு டாலர் ரப்பர்தான். கோணலாகத் தள்ளினால் நசுங்கும், குழாய்க்கு ஒவ்வாத தடிமன் போட்டால் காற்றை உறிஞ்சும். ஓ-ரிங்கில் ஆயில் தடவி, குழாயைக் கையால் நேராக உள்ளே அமுக்கிவிட்டு அதன்பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். போல்ட்டை வைத்துக் குழாயை உள்ளே இழுக்கக்கூடாது. அந்த போல்ட்டுக்கு 106 பவுண்டு-அங்குலம். பான் போல்ட்டுக்கு பிளாக் பக்கம் 18 பவுண்டு-அடி, பின் கவருக்குள் போகும் இரண்டு நீள போல்ட்டுக்கு 106 பவுண்டு-அங்குலம் மட்டும். பின் கவரைத் திறந்தால் பிளாக்கின் பின்முனை ஆயில் வழியில் ஒரு சிறு பிளாஸ்டிக் அடைப்பான் தெரியும். அதன் ஓ-ரிங்கைப் புதுப்பித்து அங்கேயே திரும்ப வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இன்டேக்கைக் கழற்றியபோதே அடியில் பள்ளத்தில் இருக்கும் இரண்டு நாக் சென்சார்களையும் (என்ஜின் தட்டலை உணர்பவை) மாற்றுவது புத்திசாலித்தனம். மேலிருந்து வடியும் தண்ணீர் அங்கே தேங்கி அவற்றைத் துருவேற்றும். சென்சாருக்கு 15 பவுண்டு-அடி. இன்டேக் பிளாஸ்டிக் என்பதால் முதல் சுற்றில் 44, இரண்டாம் சுற்றில் 89 பவுண்டு-அங்குலம், அதற்குமேல் ஒரு இழுப்பும் வேண்டாம். ஹெட்டைக் கழற்றாமல் விடுவதே மேல். கழற்றினால் பழைய ஹெட் போல்ட்டை மறுபடி போடக்கூடாது, அவை நீண்டு முறுகும் வகை.

கியர்பாக்ஸோடு இணைப்பது

பழைய ஆறு போல்ட் அமைப்பில் ஐந்து இந்த பிளாக்கில் பொருந்தும். டி.எச்.350-க்கு அது போதும். சிக்கல் கிராங்கில்தான். இதன் பின்முகம் பழைய ஷெவ்ரலே வி8-ஐவிட 0.400 அங்குலம் உள்ளே தள்ளியிருக்கிறது. ஸ்பேஸர் இல்லாமல் பூட்டினால் டார்க் கன்வெர்ட்டரின் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) மூக்கு கிராங்கில் உட்காராது. கன்வெர்ட்டர் முன்னால் இழுபட்டு, கியர்பாக்ஸ் பம்ப்பின் பற்களை நுனியால் மட்டுமே பிடிக்கும். சில நூறு மைல்களில் பம்ப் போய்விடும். ஸ்பேஸர், அதற்கான நீள போல்ட், பழைய கன்வெர்ட்டர் துளைகளுக்குப் பொருந்தும் தட்டையான ஃபிளெக்ஸ்பிளேட் ஆகிய மூன்றையும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட் போல்ட்டுக்கு 15, 37, 74 பவுண்டு-அடி என்று மூன்று சுற்று.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும்போது இரண்டு முகங்களும் கைத்தள்ளலிலேயே ஒட்ட வேண்டும். கால் அங்குலம் இடைவெளி இருக்கையில் போல்ட்டை முடுக்கி இழுத்தால், பற்களில் உட்காராத கன்வெர்ட்டர் பம்ப்பை உடைத்துவிடும். பூட்டி முடித்ததும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும், ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் இடையே எட்டில் ஒரு அங்குலம் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும்.

டி.எச்.350 கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடுவது. ஆனால் அதன் வேக்குவம் மாடுலேட்டருக்கு இன்டேக்கிலிருந்து ஒரு குழாய் போக வேண்டும், கிக்டவுன் கேபிளுக்கு த்ராட்டில் பக்கம் ஒரு பிராக்கெட் வேண்டும். மாடுலேட்டரை மறந்தால் கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும், ‘கியர்பாக்ஸ் போய்விட்டது’ என்று நினைக்கத் தோன்றும். ஓவர்டிரைவ் வேண்டும் என்று 4எல்60இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறினால் நீளம் 27.7 அங்குலத்திலிருந்து 30.75 ஆகிறது. கிராஸ்மெம்பரை நகர்த்த வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுமார் மூன்று அங்குலம் வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். இந்த பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை.

மவுன்டுக்கு அடாப்டர் தட்டுகள் உண்டு. பெல்ஹவுசிங் பழைய இடத்திலேயே வரும் வகையை வாங்கினால் கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ஷிஃப்டர் எதுவும் நகராது. முன்பக்க பெல்ட் அமைப்பில் டிரக்குடையதுதான் மிக நீளமானது. கோர்வெட்டோடு ஒப்பிட்டால் கமாரோ முக்கால் அங்குலமும் டிரக் ஒன்றரை அங்குலமும் முன்னே நீளும். எனவே ரேடியேட்டர் விசிறிக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்த பின்பே விசிறி வாங்க வேண்டும். டிரக்கின் ஏ.சி. கம்ப்ரஸர் தாழ்வாக இருந்து ஃபிரேமில் முட்டும், ஏ.சி. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். டிரக் இன்டேக் உயரமானது. அதன் உச்சியில் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பெட்ரோல்

307-இன் பழைய பம்ப் தந்தது ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ. இதற்கு வேண்டியது 58. பழைய ரப்பர் ஹோஸ், சாதாரண கிளிப் எதுவும் இங்கே ஆகாது. இன்ஜெக்ஷனுக்கென்று எஸ்.ஏ.இ. 30ஆர்9 என அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும், கிளிப்பும் ஹோஸை அறுக்காத இன்ஜெக்ஷன் வகையாக இருக்க வேண்டும். குறைந்த செலவு வழி 1999–2003 கோர்வெட்டின் ஃபில்டர். அதற்குள்ளேயே 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் உண்டு. டேங்கை ஒட்டி அதை வைத்தால் திரும்பும் லைன் ஓரிரு அடிதான், முன்னால் ஒரே லைன் போதும். இது டேங்குக்குத் திரும்பும் லைன் இல்லாத ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிக்கும் குழாய்). யார்டு என்ஜினின் ரெயிலில் ஏற்கெனவே ரெகுலேட்டர் இருந்தால் ஒன்று ரெயிலை மாற்ற வேண்டும், இல்லை என்ஜினிலிருந்து டேங்க் வரை திரும்பும் லைன் போட வேண்டும். இரண்டு ரெகுலேட்டரை ஒரே லைனில் வைக்கக்கூடாது.

வெளியே மாட்டும் பம்ப் மலிவு. ஆனால் அது தள்ளும், உறிஞ்சுவதில் சோம்பேறி. டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே வைக்காவிட்டால் சத்தம் போட்டுச் சூடேறிச் சாகும். டேங்குக்குள் வைக்கும் பம்ப் பெட்ரோலிலேயே குளிர்ந்து அமைதியாக ஓடும், நீண்ட நாள் நிற்கும். இதில் நூறு டாலர் கூடுதலாகப் போட்டால் அது வீண் இல்லை. பழைய டேங்கில் தடுப்பு கிடையாது. கால் டேங்கில் வளைவு திரும்பினால் பெட்ரோல் ஒதுங்கி என்ஜின் இருமும்.

வயரிங்கில் ஒளிந்திருக்கும் பொறி

ஹார்னஸைக் குறைத்தபின் வண்டியோடு சேர வேண்டியவை கைவிரல்களில் எண்ணிவிடலாம்: நிரந்தர பேட்டரி மின்சாரம், சாவி மின்சாரம், எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே, விசிறி ரிலே, எச்சரிக்கை விளக்கு, ஸ்கேன் செய்யும் சாக்கெட்.

சாவி மின்சாரத்துக்குப் பலரும் பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன வயரையே எடுப்பார்கள். பாயின்ட் வைத்த அந்தக் காலத்துக்கு அது மின்தடை வயர், ஓடும்போது முழு 12 வோல்ட் கொடுக்காது. கம்ப்யூட்டர் விழுந்து விழுந்து எழும், இன்ஜெக்டர் சரியாகத் திறக்காது, என்ஜின் காரணமில்லாமல் அணையும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தடையில்லாத வயர் எடுக்க வேண்டும். சாவி ‘ரன்’ நிலையிலும் ‘ஸ்டார்ட்’ நிலையிலும் அதில் மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் நிலையில் மட்டும் அணையும் வயரில் மாட்டினால், சாவியை விட்ட கணத்தில் என்ஜின் பிடிப்பதுபோல் போக்குக் காட்டும், ஓடாது.

ஆல்டர்னேட்டரின் தூண்டு வயரில் ஒரு விளக்கோ ரெசிஸ்டரோ இல்லாமல் நேரடி 12 வோல்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் கருகும். 72-இன் பழைய வெளி ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். மீட்டருக்கான சென்சார்களுக்கு ஹெட்டில் 12 மி.மீ. மரை, பிளாக்கின் பின்மேல் ஆயில் பிரஷருக்கு 16 மி.மீ. மரை. பழைய சென்சார் நேராக ஏறாது, அடாப்டர் வேண்டும்.

கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணையும், எத்தனை முறை முயன்றாலும் அதே கதைதான். கூடவே கியர்பாக்ஸை மேனுவல் என்று மாற்றி, பின் ஆக்சிஜன் சென்சார்களை அணைக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஸ்டார்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுற்றி ஆயில் பிரஷர் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நன்கு சூடான பின் ஆயிரம் சுற்றில் 6, இரண்டாயிரத்தில் 18, நாலாயிரத்தில் 24 பி.எஸ்.ஐ. என்பது நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம். நல்ல என்ஜின் இதைவிடத் தாராளமாகவே காட்டும்.

வெப்ப முள் ஏறி இறங்கி ஆடினால் ஹெட்டில் காற்று சிக்கியிருக்கிறது. முன் மூலைகளில் உள்ள சிறு ஆவிக் குழாயை அடைத்து விடுவது பலர் செய்யும் தவறு. அது ரேடியேட்டரின் உச்சிக்கோ கூலன்ட் டேங்குக்கோ போயே ஆக வேண்டும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி நிரப்பினால் காற்று சீக்கிரம் வெளியேறும்.

குளிரில் ஐடில் ஏறி இறங்கினால் இன்டேக் கேஸ்கட்டில் காற்று கசிகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால் வெளிக்காற்றை முகர்ந்த சென்சார் கலவை மெலிந்துவிட்டது என்று தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், பிளக் கறுக்கும். மேனிஃபோல்டு போல்ட்டுக்கு முதலில் 11, பிறகு 18 பவுண்டு-அடி.

பிரேக்கும் சட்டமும்

முன்னாலும் டிரம் பிரேக்கே உள்ள நோவாவானால், குதிரைத்திறனை இரட்டிப்பாக்கிய பிறகு அதை அப்படியே விடுவது ஆபத்து. ஒதுக்கி வைத்த 950 மீந்தால் அது முதலில் முன் டிஸ்க் பிரேக்குக்குத்தான் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1975 வரையான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. மற்ற மாநிலங்களில் விதி வேறு, வேலை தொடங்குமுன் அந்தந்த மாநிலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

500 மைல் ஓடிய பின் மேனிஃபோல்டு, மவுன்ட், கியர்பாக்ஸ் போல்ட்டுகளைக் குளிர்ந்த நிலையில் மறுபடி முடுக்க வேண்டும். பெட்ரோல் லைனின் ஒவ்வொரு இணைப்பையும் பம்ப் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆயிலை வடித்து ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் பூச்சு பழைய என்ஜினுக்கு இயல்பு. நகத்தில் ஒட்டும் அளவுக்கு உலோகச் செதில் இருந்தால் அன்றே வண்டியை நிறுத்திப் பானைக் கழற்ற வேண்டும்.